பேசாத பெட்டியைப் பேச வைப்பது எப்படி?

பொறிகளைப் பிரித்துப் பார்த்து அறிவது கோவை வட்டாரத்துக்குப் புதிதன்று. 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்தார். உழைத்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். பின்பு பாகம் பாகமாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்து, அது இயங்கும் விதத்தைத் தாமே கற்றுக்கொண்டார். அவர் பொறியியல் கல்லூரியில் படித்தவர் அல்லர்.

இன்றைய மின்னணுக் கருவிகளில் இந்த முறைக்கு ஒரு தடை உண்டு. திருகுகளைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிபவை சில கறுப்புச் சில்லுகளே. வேலையின் பெரும்பகுதி மென்பொருளில் மறைந்திருக்கிறது. அப்படிப்பட்ட கருவியைப் புரிந்துகொள்ள, அதுவும் கணிப்பொறியும் பேசிக்கொள்வதை ஒட்டுக் கேட்க வேண்டும். அது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காண்போம்.

நீங்கள் மதுக்கரையில் வசிப்பவர். உங்கள் ஊர் வள்ளிக்கும்மிக் குழுவின் பாடல்களைத் தரமாகப் பதிவு செய்ய விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய கருவி வாங்க வசதி இல்லை. கோவையில் ஒருவரிடமிருந்து பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வருகிறீர்கள். உங்களிடம் இருப்பதோ லினக்ஸ் நிறுவிய ஒரு பழைய மடிக்கணினி. பெட்டியை அதனுடன் இணைத்ததும் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் ஒலி மட்டும் உள்ளே வரவில்லை. தயாரித்த நிறுவனம் பழைய விண்டோஸுக்கு மட்டுமே மென்பொருள் தந்திருக்கிறது. அதையும் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டது.

பெட்டி கெட்டுப்போகவில்லை. அதன் பேச்சு கணிப்பொறிக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். இந்தக் குறையை நீக்கும் நிரலுக்குத்தான் டிவைஸ் டிரைவர் என்று பெயர். தமிழில் இதனை இயக்கி எனலாம்.

துபாஷியின் வேலை

டிரைவர் என்றதும் பாலக்காட்டுச் சாலையில் ஓடும் பேருந்தின் ஓட்டுநரை நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய காலத்துத் துபாஷியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு மொழி அறிந்த அவர் இரு தரப்புக்கும் இடையே நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்குப் புரியவைப்பார். பதிவு செய்யும் மென்பொருள், “ஒலியைக் கொடு” என்று பொதுவாகக் கேட்கும். இயக்கி அதனை அந்தக் குறிப்பிட்ட பெட்டிக்கு விளங்கும் எண்களாக மாற்றிச் சொல்லும். பெட்டி திருப்பி அனுப்பும் எண்களை ஒழுங்குபடுத்தி மென்பொருளிடம் ஒப்படைக்கும்.

பெட்டி அனுப்பும் அந்த எண்கள் யாவை? பாடகியின் குரல் ஒலிவாங்கியில் மிகச் சிறிய மின்னழுத்த அலையாக மாறுகிறது. பெட்டி அதைப் பெருக்கி, ஒரு நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட் நீளமுள்ள எண்ணாகக் குறிக்கிறது. 24 பிட் என்பது 3 பைட். இரண்டு ஒலிவாங்கிகள் இருந்தால் நொடிக்கு 48,000 × 3 × 2, அதாவது 2,88,000 பைட்டுகள் கணிப்பொறியை நோக்கி ஓடி வருகின்றன. இந்த ஓட்டம் பாட்டு முடியும் வரை ஒரு கணமும் தடைபடக் கூடாது. ஒலிக் கருவியின் இயக்கி அச்சுப்பொறியின் இயக்கியைவிடக் கடினமாவது இதனால்தான். அச்சுப்பொறி அரை நொடி காத்திருந்தால் யாருக்கும் தெரியாது. ஒலியில் ஆயிரத்தில் சில பங்கு நொடி தவறினாலும் “டப்” என்ற சத்தம் காதில் விழுந்துவிடும்.

நேரம் தவறாத ரயில்

யூ.எஸ்.பி. கம்பியில் ஒலி எவ்வாறு பயணம் செய்கிறது? மதுக்கரை ரயில் நிலையத்தில், பயணிகள் எல்லோரும் வந்து சேர்ந்தார்களா என்று பாராமல் குறித்த நேரத்துக்குப் புறப்படும் ரயிலை எண்ணிப் பாருங்கள். 480 மெகாபிட் வேகமுள்ள யூ.எஸ்.பி.யில் நொடிக்கு 8,000 முறை இப்படி ஒரு ரயில் கிளம்புகிறது. 48,000 அளவுகளை 8,000 ரயில்களில் ஏற்றினால், ரயிலுக்கு 6 பேர். கணக்கு சரியாக முடிகிறது.

பழைய, 12 மெகாபிட் வேகமுள்ள பெட்டிகளில் நொடிக்கு 1,000 ரயில்கள்தான். குறுந்தகடுகளில் வழங்கும் 44,100 என்ற அளவு வீதத்தை இதில் ஏற்றினால் ரயிலுக்கு 44.1 பேர் என்று வருகிறது. ஒரு பயணியைப் பத்தாக வெட்ட முடியாது அல்லவா? ஆகவே 9 ரயில்களில் 44 பேரும், பத்தாவது ரயிலில் 45 பேரும் ஏறுகிறார்கள். இந்தப் பத்தாவது ரயிலைக் கணக்கில் கொள்ளாமல் இயக்கி எழுதினால், ஒவ்வொரு 10 மில்லி நொடிக்கும் ஓர் அளவு தொலைந்துபோகும்.

இந்த ரயில்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. வழியில் ஒரு ரயில் பழுதானால் மாற்று ரயில் வராது. காலம் கடந்து வரும் ஒலியால் பயனில்லை என்பதால், இவ்வகை அனுப்புதலில் மறுமுறை கேட்கும் வழக்கமே கிடையாது.

இரண்டு கடிகாரங்கள்

பெட்டிக்குள் ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. கணிப்பொறிக்குள் வேறொன்று இருக்கிறது. இரண்டும் 48,000 என்று சொன்னாலும், உலகில் எந்த இரு கடிகாரங்களும் முற்றிலும் ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். நொடிக்கு 2.4 அளவுகள் மிகும் அல்லது குறையும்.

இதன் விளைவைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மோட்டார் இறைக்கும் வேகமும் மடையில் வெளியேறும் வேகமும் சிறிது வேறுபட்டாலும், நேரம் செல்லச் செல்லத் தொட்டி வழியும் அல்லது வற்றும். இயக்கி வைத்திருக்கும் தொட்டியில் 256 அளவுகள் கையிருப்பு இருந்தால், மேற்சொன்ன வேறுபாட்டில் அது சுமார் 107 நொடியில் தீர்ந்துவிடும். ஒரு பாட்டு முடிவதற்குள்ளாகவே கோளாறு தலைகாட்டும்.

இதற்கு நல்ல பெட்டிகள் கையாளும் வழி எளிது. “எனக்கு இப்போது எத்தனை அளவுகள் வேண்டும்” என்று பெட்டியே அடிக்கடி ஒரு குறிப்பு அனுப்பும். இயக்கி அதைப் படித்து, அடுத்த ரயில்களில் ஏற்றும் எண்ணிக்கையைச் சிறிது கூட்டும் அல்லது குறைக்கும். புதிதாக இயக்கி எழுதுவோர், ஒலி முதலில் நன்றாகக் கேட்டு, ஒன்றிரண்டு நிமிடங்கள் கழித்து விட்டுவிட்டு உடைவதைக் கண்டால், இந்தக் குறிப்பை ஒழுங்காகப் படிக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தொட்டியைப் பெரிதாகக் கட்டிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தொட்டி பெரிதானால் தாமதமும் பெருகும். 256 அளவுகள் என்பது 5.3 மில்லி நொடி. ஒலி காற்றில் இந்த நேரத்தில் ஏறத்தாழ 1.8 மீட்டர் செல்லும். அவ்வளவு தாமதத்தைப் பாடகர் பொருட்படுத்த மாட்டார். இதைப் பத்து மடங்காக்கினால், தம் குரலையே பிந்திக் கேட்டுத் தாளம் தப்பிவிடுவார்.

முதற்படி: பெட்டியின் பெயரைக் கேளுங்கள்

இனி, செயல்முறைக்கு வருவோம். யூ.எஸ்.பி. பெட்டி எதுவாயினும், இணைத்தவுடன் தன்னைப் பற்றிய அறிமுக அட்டை ஒன்றைக் கணிப்பொறியிடம் நீட்டும். லினக்ஸில் எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்னும் கட்டளையைக் கொடுத்தால் அதை நாமும் படிக்கலாம். அதில் நிறுவனத்துக்கு ஓர் எண்ணும், பொருளுக்கு ஓர் எண்ணும் இருக்கும். இவை பதினாறடிமான முறையில் எழுதப்படுபவை. ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் பெட்டி என்றால் 1235 என்ற எண்ணைக் காண்பீர்கள்.

அட்டையில் அடுத்து நாம் தேட வேண்டியது வகை எண். அது 1 என்றிருந்தால் பெட்டி ஒலிக் கருவிகளுக்கான பொது விதிகளைப் பின்பற்றுகிறது என்று பொருள். இந்த விதிகளின் முதற் பதிப்பு 1998இலும், இரண்டாம் பதிப்பு 2006இலும், மூன்றாம் பதிப்பு 2016இலும் வெளிவந்தன. இவ்வகைப் பெட்டிக்குத் தனி இயக்கி பெரும்பாலும் தேவையில்லை. வகை எண் 255 என்றிருந்தால், “என் மொழி எனக்கும் என்னைச் செய்தவருக்கும் மட்டுமே தெரியும்” என்று பெட்டி கூறுகிறது. நம் உழைப்பு அங்கேதான் தேவை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பெட்டிகளும் உண்டு. பொது விதிகளைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு ஓரிடத்தில் மட்டும் பிறழும். எம்-ஆடியோ நிறுவனத்தின் ஃபாஸ்ட் டிராக் புரோ இதற்கு நல்ல சான்று. அது விழித்தெழும்போது ஓர் எளிய அமைப்பில் நிற்கும். “இரண்டாம் அமைப்புக்கு மாறு” என்று இயக்கி ஆணையிட்ட பின்பே தன் முழுத் திறனையும் காட்டும். இத்தகைய விதிவிலக்குகளுக்கென்றே லினக்ஸின் ஒலிப் பகுதியில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. பல பெட்டிகளுக்கு, அந்தப் பட்டியலில் சில வரிகளைச் சேர்த்தாலே போதும். புதிதாகக் கற்பவர் தொடங்க வேண்டிய இடமும் இதுவே. உங்கள் பெட்டியைப் போன்ற வேறொரு பெட்டி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிறுவனத்தின் பெட்டிகள் உடன்பிறந்தவர்களைப் போல ஒரே பேச்சு வழக்கைக் கொண்டிருப்பது உண்டு.

இரண்டாம் படி: ஒட்டுக் கேட்டல்

வகை எண் 255 உள்ள பெட்டிக்கு, அதன் மொழி தெரிந்த ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். அவர்தான் நிறுவனம் விண்டோஸுக்கு எழுதித் தந்த பழைய இயக்கி. லினக்ஸ் கணிப்பொறிக்குள்ளேயே விண்டோஸைப் போலிப் பொறி ஒன்றில் ஓடவிட்டு, பெட்டியை அதனிடம் ஒப்படைக்கலாம். இருவரும் பேசிக்கொள்ளும் எல்லாம் லினக்ஸின் வழியாகவே சென்றாக வேண்டும். யூ.எஸ்.பி.மான் என்னும் வசதி அவ்வுரையாடலைப் பதிவு செய்யும். வயர்ஷார்க் என்னும் நிரல் அதை வரி வரியாகக் காட்டும்.

திரை நிறைய எண்களைக் கண்டு மலைத்துவிட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்வது என்ற விதியைக் கடைப்பிடியுங்கள். நிறுவனத்தின் மென்பொருளில் முதல் ஒலிவாங்கியின் அளவைக் குறிக்கும் குமிழை ஒரு படி மட்டும் திருப்புங்கள். என்ன செய்தி போயிற்று என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். மீண்டும் ஒரு படி திருப்புங்கள். இரு செய்திகளிலும் மற்ற எண்களெல்லாம் அப்படியே இருக்க, ஓர் எண் மட்டும் 10, 11, 12 என்று ஏறினால், குமிழின் அளவு எங்கே எழுதப்படுகிறது என்பது தெரிந்துவிட்டது. இரண்டாவது ஒலிவாங்கியின் குமிழைத் திருப்பும்போது வேறோர் எண் 0 என்பதிலிருந்து 1 ஆனால், அது எந்த வாயில் என்பதைக் குறிக்கும் இடம் என்று ஊகிக்கலாம். ஊகத்தை மூன்றாவது வாயிலில் சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு சிறு குறிப்பு: இங்கே பெரிய எண்களின் சிறிய பகுதி முதலில் வரும். 300 என்ற எண் கம்பியில் 44, 1 என்று செல்லும். 1 × 256 + 44 = 300 என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் பல மணி நேரத்தை வீணாக்குவோர் உண்டு.

இவ்வாறு செய்திகளை ஆராய்ந்தே பெரிய இயக்கிகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் இரண்டாம் தலைமுறைப் பெட்டிகளில் ஒலி பொது விதிப்படி ஓடிவரும். ஆனால் எந்த ஒலியை எந்த வாயிலுக்கு எவ்வளவு கலந்து அனுப்புவது என்ற கட்டுப்பாடு நிறுவனத்தின் தனி மொழியில் இருந்தது. ஜெஃப்ரி பென்னெட் என்பவர் அம்மொழியைக் கற்று எழுதிய இயக்கி 2019இல் லினக்ஸில் சேர்ந்தது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 16 பைட் தலைப்பு ஒன்று இருப்பதை அந்த நிரலில் காணலாம். என்ன ஆணை, எவ்வளவு நீளம், எத்தனையாவது செய்தி, பிழை ஏதும் உண்டா என்ற விவரங்கள் அதில் அடங்கும். அஞ்சல் உறையின் முகவரிப் பக்கம் போன்றது அது.

மூன்றாம் படி: நாமே பேசிப் பார்த்தல்

மொழி ஓரளவு பிடிபட்டதும் உடனே இயக்கி எழுதத் தொடங்கிவிடக் கூடாது. இயக்கி என்பது கணிப்பொறியின் மையமான கெர்னலுக்குள் ஓடுவது. அங்கே ஒரு தவறு செய்தால் பொறி முழுவதும் நின்றுவிடும். ஆகையால் முதலில் வெளியே நின்று பேசிப் பாருங்கள். லிப்-யூ.எஸ்.பி. என்னும் நிரல் தொகுப்பைக் கொண்டு, பைத்தான் மொழியில் பத்து இருபது வரிகளில் ஒரு செய்தியை அனுப்பலாம். குறிப்பேட்டில் எழுதிய செய்தியை அப்படியே அனுப்பினால் பெட்டியின் விளக்கு மாறுகிறதா? மாறினால் நீங்கள் அதன் மொழியில் முதற் சொல்லைப் பேசிவிட்டீர்கள்.

அதன் பிறகே சி மொழியில் இயக்கி எழுத வேண்டும். லினக்ஸில் ஒலிக்கென அமைந்த பகுதிக்கு ஆல்சா என்று பெயர். இதன் பிறப்பே நம் கதையைப் போன்றதுதான். கிராவிஸ் அல்ட்ராசவுண்டு என்ற ஒலி அட்டைக்கு யாரொஸ்லாவ் கிசெலா எழுதிய தனி இயக்கியிலிருந்து 1998இல் இத்திட்டம் வளர்ந்தது. 2002இல் கெர்னலின் மூலநிரலில் சேர்ந்தது.

ஆல்சா இயக்கியிடம் சில கேள்விகளை மட்டுமே கேட்கிறது. உன் பெட்டி எந்த வீதங்களை ஏற்கும்? ஆயத்தம் செய்தாயா? தொடங்கு, நிறுத்து. இப்போது தொட்டியில் எந்த இடம் வரை வந்திருக்கிறாய்? ஒவ்வொரு கேள்விக்கும் விடையாக ஒரு சிறு நிரற்பகுதி எழுத வேண்டும். கடைசிக் கேள்விக்குத் தரும் விடை பிழையானால் ஒலி தாறுமாறாகும். மேலும் ஒன்றை மறக்கக் கூடாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரேனும் கம்பியைப் பிடுங்கிவிடலாம். அப்போதும் பொறி நின்றுபோகாமல் ஒழுங்காக விடைபெறத் தெரிந்த இயக்கியே முழுமையான இயக்கி.

எழுதி முடித்ததை ஒலிப் பகுதியின் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பலாம். நெடுங்காலமாக இப்பொறுப்பில் இருக்கும் தகாஷி இவாய் போன்றோர் அதைப் படித்துத் திருத்தம் கேட்பார்கள். நம் நாட்டவரான வினோத் கோல் என்பவரும் லினக்ஸ் ஒலித் துறையில் பராமரிப்பாளராகப் பணியாற்றியவர். ஏற்கப்பட்ட இயக்கி உடனே எல்லோருக்கும் திறந்துவிடப்படும் என்பதில்லை. பென்னெட்டின் இயக்கியைப் பயன்படுத்த, தொடக்கத்தில் பயனர் தாமே ஓர் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. 2024இன் தொடக்கத்தில் வந்த 6.7 பதிப்பிலிருந்துதான் அது தானாக இயங்குகிறது.

சில எச்சரிக்கைகள்

பெட்டியின் நிலைநினைவில் எழுதும் ஆணைகளைப் பொருள் விளங்காமல் அனுப்பாதீர்கள். பெட்டி நிரந்தரமாக ஊமையாகிவிடலாம். நிறுவனத்தின் மென்பொருள் அனுப்பிப் பார்த்திராத செய்தி எதையும் தொடக்கத்தில் முயலாமல் இருப்பதே நல்லது. சோதனையின்போது காதொலிக் கருவியைக் காதில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஓர் எண் தவறினால் முழு வலிமையுடன் இரைச்சல் வெடித்துக் கிளம்பும். செவிப்பறைக்கு அது ஆகாது. சில ஒலிவாங்கிகளுக்காகப் பெட்டி தரும் 48 வோல்ட் மின்னழுத்தத்தையும் தேவையின்றி இயக்கிவிடாதீர்கள்.

இது சட்டத்துக்கு உட்பட்டதா என்ற ஐயமும் எழலாம். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இங்கே கவனிக்கத்தக்கது. முறைப்படி ஒரு நிரலை வைத்திருப்பவர், அதனுடன் வேறொரு நிரல் இணைந்து இயங்கத் தேவையான விவரம் எளிதாக வேறு வழியில் கிடைக்காதபோது, அதை அறிய வேண்டியவற்றைச் செய்வதற்கும், நிரல் செயல்படும் விதத்தை உற்றுநோக்கிச் சோதிப்பதற்கும் அது இடம் தருகிறது. ஆனால் நிறுவனத்தின் நிரலையே படியெடுத்து வழங்குவது வேறு, அது கூடாது.

யாருக்கு இதனால் பயன்?

2025இல் ஆப்பிள் நிறுவனம் மேக் ஓ.எஸ். 26 பதிப்பில் ஃபயர்வயர் இணைப்புக்கான ஆதரவை நீக்கியது. ஒரு காலத்தில் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் மதிப்புடன் விளங்கிய எத்தனையோ பெட்டிகள், பழுது ஏதுமின்றியே, அப்பதிப்பில் பயனற்றவையாயின. லினக்ஸிலோ அவற்றுள் பல இன்னும் பாடுகின்றன. தகாஷி சகாமோட்டோ என்பவர் ஃபயர்வயர் ஒலிப் பெட்டிகளுக்குப் பல ஆண்டுகளாக இயக்கிகள் எழுதி வந்தார். 2023இல் ஃபயர்வயர் பகுதி முழுவதற்கும் பராமரிப்பாளரானார். 2029 வரை அதைக் காத்துவருவதாகத் திட்டமும் அறிவித்தார். ஒரு மனிதரின் பொறுமையால் எத்தனை கருவிகள் குப்பைக்குப் போகாமல் தப்பின என்று எண்ணிப் பாருங்கள்.

நம் மாணவர்களுக்கும் இது எட்டாத துறை அன்று. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் அதுவும் இடம்பெற்றது. அத்தகைய பழைய மடிக்கணினி ஒன்றே இந்தப் பயிற்சிக்குப் போதுமான ஆய்வுக்கூடம். சி மொழி ஓரளவும், இருமம், பதினாறடிமானக் கணக்கும், ஒரு குறிப்பேடும், பல மாலை நேரங்களும் இருந்தால் தொடங்கலாம். முதலில், பொது விதிகளைப் பின்பற்றும் மலிவான பெட்டி ஒன்றின் அறிமுக அட்டையைப் படித்து, ஒவ்வோர் எண்ணுக்கும் பொருளைத் தமிழில் எழுதிப் பாருங்கள். அடுத்து, அது பாடும்போது ஒரு நொடியில் ஓடும் ரயில்களை எண்ணிப் பாருங்கள். இவ்விரண்டும் கைவந்த பின், மூலையில் கிடக்கும் பேசாத பெட்டியை எடுக்கலாம்.